எபோலா வைரஸ் மரபணு வரிசைப்படுத்தல்: மேற்கு ஆப்பிரிக்கக் கொள்ளைநோய் (2013–2016)

மேற்கு ஆப்பிரிக்காவின் கினி, சியரா லியோன், லைபீரியா ஆகிய நாடுகளில் 2013-ஆம் ஆண்டின் இறுதியில் தொடங்கி 2016 வரை நீடித்த எபோலா கொள்ளைநோய், அந்நோயின் வரலாற்றிலேயே மிகப் பெரியதாகும். 28,600-க்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். 11,300-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். நோயாளிகளின் குருதியில் இருந்த வைரசின் மரபணுத்தொகுதியை எழுத்தெழுத்தாகப் படித்து, நோய் எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்குச் சென்றது என்பதைக் கண்டறியும் முறை, ஒரு கொள்ளைநோய் நடந்துகொண்டிருக்கும்போதே பெரிய அளவில் கையாளப்பட்ட முதல் நிகழ்வுகளுள் இதுவும் ஒன்று. பின்னர் கோவிட்-19 பெருந்தொற்றின்போது உலகெங்கும் பின்பற்றப்பட்ட நடைமுறைகள் பலவும் இங்குதான் சோதித்துப் பார்க்கப்பட்டன. அந்தப் பணியில் ஈடுபட்ட ஆய்வாளர்கள் சிலர் அதே நோய்க்குப் பலியாயினர்.

பின்னணி

எபோலா நோய் 1976-ஆம் ஆண்டில் இரண்டு இடங்களில் முதன்முதலாக அறியப்பட்டது. ஒன்று, அன்று சயீர் எனப்பட்ட இன்றைய காங்கோ சனநாயகக் குடியரசின் யம்புக்கு என்னும் சிற்றூர். மற்றொன்று, இன்றைய தெற்கு சூடானில் உள்ள இன்சாரா. யம்புக்குப் பகுதியில் மட்டும் 318 பேர் நோயுற்று 280 பேர் இறந்தனர். அப்பகுதியில் ஓடும் எபோலா ஆற்றின் பெயரே நோய்க்கு இடப்பட்டது. அடுத்த 37 ஆண்டுகளில் நடு ஆப்பிரிக்க நாடுகளில் நோய் பலமுறை தலைகாட்டியது. எனினும், ஒவ்வொரு முறையும் சில பத்துகள் அல்லது சில நூறு பேரோடு அடங்கிவிட்டது. அதுவரை மிகப் பெரியதாக இருந்தது 2000-ஆம் ஆண்டில் உகாண்டாவின் குலு மாவட்டத்தில் தோன்றிய நோய்ப்பரவல். அதில் 425 பேர் நோயுற்றனர்.

2013 திசம்பரில் கினியின் தென்கிழக்கில், கெக்கேடு வட்டாரத்தைச் சேர்ந்த மெலியான்டூ என்னும் சிற்றூரில் ஒரு சிறு குழந்தை காய்ச்சலால் இறந்தது. பின்னாளைய விசாரணைகள் அக்குழந்தையையே இக்கொள்ளைநோயின் முதல் நோயாளியாகக் கருதுகின்றன. மேற்கு ஆப்பிரிக்காவில் எபோலாவை எவரும் எதிர்பார்க்கவில்லை. தொடக்க அறிகுறிகள் மலேரியா, லாசா காய்ச்சல் போன்ற பழகிய நோய்களை ஒத்திருந்தன. எனவே ஏறத்தாழ மூன்று மாதங்கள் நோய் இன்னதென்று அறியப்படாமலே பரவியது. 2014 மார்ச்சில் ஐரோப்பிய ஆய்வகங்களுக்கு அனுப்பப்பட்ட மாதிரிகளிலிருந்துதான் அது எபோலா என உறுதியாயிற்று.

கெக்கேடு வட்டாரம் மூன்று நாடுகளும் சந்திக்கும் எல்லையில் உள்ளது. எல்லையின் இருபுறமும் ஒரே இன மக்கள் வாழ்கின்றனர். சந்தைக்கும் திருமணத்துக்கும் சாவுக்கும் எல்லை தாண்டிச் செல்வது அங்கு அன்றாட வழக்கம். நோய் பரவிய விதத்தைப் புரிந்துகொள்ள இந்த நிலவியல் இன்றியமையாதது.

வைரசின் எழுத்துகளைப் படித்தல்

எபோலா வைரசின் மரபணுத்தொகுதி ஓரிழை ஆர்.என்.ஏ.வால் ஆனது. அதில் ஏறத்தாழ 19,000 எழுத்துகளும் ஏழு மரபணுக்களும் உள்ளன. இங்கு எழுத்து என்பது நியூக்ளியோடைடு எனப்படும் வேதி அலகைக் குறிக்கும். மனிதனின் மரபணுத்தொகுதி ஏறத்தாழ 300 கோடி எழுத்துகள் கொண்டது என்பதோடு ஒப்பிட்டால், இது மிகச் சிறிய நூல்.

வைரஸ் மனித உயிரணுவுக்குள் புகுந்து தன்னைத் தானே படியெடுக்கும்போது பிழைகள் நேர்கின்றன. எபோலா வைரசின் படியெடுக்கும் நொதிக்குப் பிழையைத் திருத்தும் ஆற்றல் இல்லை. இப்பிழைகளுட் பெரும்பாலானவை வைரசுக்கு நன்மையும் செய்வதில்லை, தீமையும் செய்வதில்லை. ஆனால் அடுத்த படிகளிலும் அவை அப்படியே தொடர்கின்றன. ஓர் ஆண்டுக்கு 20 எழுத்துகளுக்குச் சற்று மேல், அதாவது மாதத்துக்கு ஏறக்குறைய இரண்டு எழுத்துகள் மாறுகின்றன என்று இக்கொள்ளைநோயின் தரவுகளிலிருந்து கணக்கிடப்பட்டது.

இதைப் பழைய ஏட்டுச்சுவடிகளோடு ஒப்பிட்டு விளங்கிக்கொள்ளலாம். ஏடு பெயர்த்து எழுதுபவர் ஓரிடத்தில் ஒரு சொல்லைப் பிழையாக எழுதிவிட்டால், அந்தச் சுவடியைப் பார்த்து எழுதப்படும் சுவடிகள் எல்லாவற்றிலும் அப்பிழை தொடரும். பல ஊர்களில் கிடைத்த சுவடிகளை ஒப்பிடும் பதிப்பாசிரியர், ஒரே பிழையைக் கொண்ட சுவடிகள் ஒரே மூலத்திலிருந்து வந்தவை என்று முடிவு செய்வார். வைரஸ் ஆய்வாளர்கள் செய்வதும் இதுவே. இரண்டு நோயாளிகளின் வைரசில் ஒரே எழுத்து மாற்றங்கள் காணப்பட்டால், அவர்கள் ஒரே பரவல் தொடரைச் சேர்ந்தவர்கள் எனலாம். மாற்றங்களின் எண்ணிக்கையைக் கொண்டு, இரண்டு தொடர்களும் எப்போது பிரிந்தன என்பதையும் தோராயமாகக் கணிக்கலாம். இவ்வாறு வரையப்படும் கிளைப்படம் மரபுவழி மரம் எனப்படுகிறது.

முதல் வரிசைகளும் ஒரு திருத்தமும்

கினி நோயாளிகளிடமிருந்து பெறப்பட்ட முதல் மூன்று முழு வரிசைகள் 2014 ஏப்ரலில் ஒரு மருத்துவ இதழில் வெளியாயின. கினியின் வைரஸ், காங்கோவிலும் காபோனிலும் முன்பு காணப்பட்ட வைரசுகளிலிருந்து தனியே பிரிந்த ஒரு கிளை என்று அக்கட்டுரை கூறியது. அப்படியானால் அது மேற்கு ஆப்பிரிக்கக் காடுகளில் நெடுங்காலமாக மறைந்திருந்த வைரசாக இருக்க வேண்டும்.

அதே வரிசைகளை எடின்பரோ பல்கலைக்கழகத்தின் கைடிஸ் டுடாசும் ஆண்ட்ரூ ராம்போவும் மீண்டும் ஆராய்ந்து, 2014 மே மாதத்தில் வேறொரு முடிவை வெளியிட்டனர். மரபுவழி மரத்தின் வேர் எங்கே என்பதைத் தீர்மானித்ததில் பிழை நேர்ந்திருந்தது என்றும், கினி வைரஸ் நடு ஆப்பிரிக்க வைரசின் வழிவந்ததே என்றும் அவர்கள் காட்டினர். அதன் பின் கிடைத்த வரிசைகள் இந்த முடிவையே உறுதிப்படுத்தின.

கெனிமா மருத்துவமனை

சியரா லியோனின் கிழக்கே உள்ள கெனிமா நகர அரசு மருத்துவமனையில், லாசா காய்ச்சலுக்கென ஒரு தனிப் பிரிவு நெடுங்காலமாக இயங்கிவந்தது. லாசா காய்ச்சலும் எபோலாவைப் போன்ற கொடிய வைரஸ் நோயே. அப்பிரிவின் தலைமை மருத்துவராக இருந்த அனிரு கான்டே 2004-இல் அந்நோயாலேயே இறந்தார். அவருக்குப் பின் பொறுப்பேற்றவர் மருத்துவர் ஷேக் ஹுமர் கான். அமெரிக்காவின் பிராட் நிறுவனத்தைச் சேர்ந்த பார்டிஸ் சபெட்டியின் குழு, லாசா ஆய்வுக்காக இம்மருத்துவமனையோடு பல ஆண்டுகளாக இணைந்து பணியாற்றியிருந்தது. கினியில் எபோலா தோன்றிய செய்தி வந்ததும், கெனிமா ஆய்வகம் அதைக் கண்டறிவதற்கான சோதனையைத் தயார் செய்துகொண்டது.

2014 மே 25 அன்று சியரா லியோனின் முதல் எபோலா நோயாளி அங்கு உறுதிசெய்யப்பட்டார். விசாரணையில், எல்லைப்புறச் சிற்றூர் ஒன்றில் நாட்டு வைத்தியர் ஒருவரின் அடக்கம் நடந்தது தெரியவந்தது. கினியிலிருந்து வந்த நோயாளிகளுக்கு வைத்தியம் பார்த்துத் தாமும் நோயுற்று இறந்தவர் அவர். அந்த அடக்கத்தில் கலந்துகொண்ட மேலும் 13 பெண்களுக்கு நோய் இருந்தது கண்டறியப்பட்டது. இறந்தவரின் உடலைக் கழுவி, தொட்டு விடைகொடுப்பது அப்பகுதி மக்களின் மரபு. எபோலாவால் இறந்தவரின் உடலில் வைரசின் அளவு மிக அதிகமாக இருக்கும்.

நோய் கண்டறிந்தபின் எஞ்சிய மாதிரிகள், வைரஸ் செயலிழக்கச் செய்யப்பட்டு, அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டன. 78 நோயாளிகளிடமிருந்து 99 முழு வரிசைகள் பெறப்பட்டன. அவை ஒவ்வொன்றும் ஆய்வுக்கட்டுரைக்காகக் காத்திராமல், கிடைக்கக் கிடைக்க 2014 சூன் மாதத்திலிருந்தே பொதுத் தரவுத்தளத்தில் வெளியிடப்பட்டன. கட்டுரை ஆகத்து 28 அன்று 'சயின்சு' இதழின் இணையப் பதிப்பில் வெளியானது. அதன் முடிவுகளுள் முதன்மையானவை மூன்று.

முதலாவது, இந்த வைரஸ் நடு ஆப்பிரிக்க வைரசுகளிலிருந்து 2004-ஆம் ஆண்டையொட்டிப் பிரிந்தது. இரண்டாவது, சியரா லியோனுக்குள் வைரசின் இரண்டு கிளைகள் ஏறத்தாழ ஒரே காலத்தில் கினியிலிருந்து நுழைந்தன. நாட்டு வைத்தியரின் அடக்கத்தோடு தொடர்புடையோரிடம் இரண்டு கிளைகளும் காணப்பட்டன. மூன்றாவது, விலங்கிலிருந்து மனிதருக்கு வைரஸ் ஒரே ஒருமுறைதான் தாவியது. பிறகு நடந்தவை எல்லாம் மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவியவையே.

இந்த மூன்றாவது முடிவு நடைமுறையில் பெரும் பொருளுடையது. அப்போது மூன்று நாடுகளிலும் ஒட்டப்பட்ட விழிப்புணர்வுச் சுவரொட்டிகள் பலவும், வௌவால், குரங்கு போன்ற காட்டு விலங்குகளின் இறைச்சியை உண்ண வேண்டாம் என்றே எச்சரித்தன. நோய் உண்மையில் பரவிக்கொண்டிருந்தது நோயாளியைப் பேணும் வீடுகளிலும், மருத்துவமனைகளிலும், அடக்கங்களிலும்தான். காட்டிறைச்சியைத் தொடாத குடும்பங்களிலும் சாவு நிகழ்வதைக் கண்ட மக்கள், அந்த எச்சரிக்கைகளை நம்பாமல் போனதில் வியப்பில்லை.

உயிரிழந்த ஆய்வாளர்கள்

'சயின்சு' கட்டுரையின் ஆசிரியர்களுள் ஐவர், அது வெளியாகும் முன்பே எபோலாவால் இறந்துவிட்டனர். முகமது ஃபுல்லா, செவிலியர் ம்பாலு ஃபோனி, அலெக்சு மொய்க்போய், ஆலிசு கோவோமா, மருத்துவர் ஷேக் ஹுமர் கான் ஆகியோரே அவர்கள். ம்பாலு ஃபோனி லாசா பிரிவின் தலைமைச் செவிலியராகப் பல்லாண்டுகள் பணியாற்றியவர். ஷேக் ஹுமர் கான் 2014 சூலை 29 அன்று இறந்தார். அவருடைய நாடு அவரைத் தேசிய வீரராகப் போற்றியது.

இவர்கள் தனி விதிவிலக்குகள் அல்லர். மூன்று நாடுகளிலும் 800-க்கும் மேற்பட்ட மருத்துவப் பணியாளர்கள் நோயுற்று, 500-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். மருத்துவர்களே மிகக் குறைவாக இருந்த நாடுகளில் இந்த இழப்பு, எபோலா ஓய்ந்த பின்னும் பிற மருத்துவப் பணிகளைப் பாதித்தது.

ஆய்வகம் நோயிடத்துக்குச் செல்லுதல்

2014 ஆகத்து மாதத்துக்குப் பின், நோய் உச்சத்தை நோக்கி ஏறிக்கொண்டிருந்த சில மாதங்களில், புதிய வரிசைகள் ஏறக்குறைய பொதுவெளிக்கு வரவே இல்லை. மாதிரிகளை வெளிநாடுகளுக்கு அனுப்புவது கடினமாயிற்று. வரிசைகளைப் பெற்ற சில குழுக்கள் அவற்றை உடனே வெளியிடவும் இல்லை. பல மாதங்கள் கழித்து வெளியாகும் வரிசை வரலாற்றுக்குப் பயன்படும்; இன்று எந்த வீட்டைத் தேடிச் செல்வது என்று திகைக்கும் களப்பணியாளருக்குப் பயன்படாது.

இதற்கு ஒரு தீர்வு 2015-இல் கிடைத்தது. உள்ளங்கையில் அடங்கும் 'மினயான்' என்னும் வரிசைப்படுத்தும் கருவி அப்போது புதிதாக வந்திருந்தது. 100 கிராமுக்கும் குறைந்த எடையுள்ள அக்கருவி, மடிக்கணினியின் யு.எஸ்.பி. துளையில் இணைத்து இயக்கப்படுவது. நுண்ணிய துளையொன்றின் வழியே மரபணு இழை நழுவிச் செல்லும்போது ஏற்படும் மின்னோட்ட மாறுதலைக் கொண்டு அது எழுத்துகளை அறிகிறது. பர்மிங்காம் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நிக் லோமனும் யோசுவா குயிக்கும், முழு ஆய்வகத்தையும் 50 கிலோவுக்கும் குறைந்த பயணப் பெட்டிகளுக்குள் அடக்கினர். 2015 ஏப்ரலில் குயிக் அதைச் சாதாரண விமானப் பயணச் சுமையாகக் கினிக்குக் கொண்டு சென்றார்.

முதலில் தலைநகர் கோனாக்ரியிலும், பின்னர் கோயாவிலும் ஆய்வகம் இயங்கியது. மின்சாரம் நிலையாக இல்லை. கருவி தரும் மின் குறிகளை எழுத்துகளாக மாற்றும் வேலை அன்று இணையம் வழியாகத் தொலைவிலுள்ள கணினிகளில் நடைபெற்றது. கினியின் இணைய இணைப்போ மிக மெதுவானது. இத்தனைக்கும் நடுவே 142 மாதிரிகள் வரிசைப்படுத்தப்பட்டன. மாதிரி கைக்கு வந்த 24 மணி நேரத்துக்குள் முடிவு தர முடிந்தது. சியரா லியோனின் மாக்கெனியில், கேம்பிரிட்சு பல்கலைக்கழகத்தின் இயன் குட்ஃபெலோ வேறொரு வகைக் கருவியைக் கொண்டு இதுபோன்ற ஆய்வகத்தை நிறுவினார்.

இரு நாட்டு வரிசைகளையும் ஒன்றாக வைத்துப் பார்த்தபோது, கினியில் அப்போது இரண்டு கிளைகள் பரவிக்கொண்டிருந்தது தெரிந்தது. அவற்றுள் ஒன்று சியரா லியோனில் பரவிய கிளை. எல்லைகள் மூடப்பட்டதாக அறிவிக்கப்பட்ட பின்னும் வைரஸ் எல்லை தாண்டிக்கொண்டிருந்தது என்பதற்கு இது சான்றாயிற்று.

குணமடைந்தோரும் வைரசும்

லைபீரியாவில் நோய் ஓய்ந்துவிட்டது என்று நம்பப்பட்ட நிலையில், 2015 மார்ச்சில் ஒரு பெண்ணுக்கு எபோலா உறுதியானது. அறியப்பட்ட நோயாளி எவரோடும் அவருக்குத் தொடர்பில்லை. 2014-இல் எபோலாவிலிருந்து குணமடைந்த ஒருவரோடு அவர் உறவு கொண்டிருந்தார் என்பது விசாரணையில் தெரிந்தது. நோய் கண்டு 199 நாள்களுக்குப் பின் எடுக்கப்பட்ட அம்மனிதரின் விந்து மாதிரியில் வைரசின் மரபணுப்பொருள் இருந்தது. அதன் வரிசையில், பிற நோயாளிகளிடம் காணப்படாமல் அப்பெண்ணின் வைரசில் மட்டும் காணப்பட்ட எழுத்து மாற்றங்கள் இருந்தன. எபோலா உடலுறவு வழியே பரவக்கூடும் என்ற ஐயம் இதனால் வலுவான சான்று பெற்றது. குணமடைந்த ஆண்கள் மூன்று மாதங்கள் எச்சரிக்கையாக இருந்தால் போதும் என்ற பழைய அறிவுரை மாற்றப்பட்டது. விந்து மாதிரியைத் தொடர்ந்து சோதிக்கும் திட்டங்கள் தொடங்கப்பட்டன.

2016-இன் தொடக்கத்தில் கினியில் மீண்டும் தோன்றிய நோய்த்தொடரின் மூலமும், 500 நாள்களுக்கு முன் நோயுற்றுக் குணமடைந்த ஒருவரே என வரிசைகள் காட்டின. இவ்வகைத் தொடர்களில் வைரசின் எழுத்துகள் எதிர்பார்த்ததைவிட மிகக் குறைவாகவே மாறியிருந்தன. உடலின் சில பகுதிகளில் வைரஸ் ஏறக்குறைய படியெடுக்காமல் அடங்கியிருந்தது என்பதே இதற்கு விளக்கம்.

1,610 வரிசைகளின் வரலாறு

2017 ஏப்ரலில் டுடாசும் பல நாடுகளைச் சேர்ந்த ஆய்வாளர்களும் 1,610 வரிசைகளை ஒருங்கே ஆராய்ந்து 'நேச்சர்' இதழில் வெளியிட்டனர். இது அறியப்பட்ட நோயாளிகளுள் 5 விழுக்காட்டுக்கும் மேல். வெளியிலிருந்து பார்த்தவர்களுக்கு ஒரே பெருந்தீயாகத் தோன்றிய கொள்ளைநோய், உண்மையில் ஒன்றோடொன்று தளர்வாகத் தொடர்புற்ற பல சிறு தீக்களின் தொகுப்பு என்று இவ்வாய்வு காட்டியது. மக்கள்தொகை மிகுந்த, ஒன்றுக்கொன்று அருகிலுள்ள ஊர்களுக்கிடையேதான் வைரஸ் அதிகம் பயணம் செய்தது.

சியரா லியோன் 2014 சூனிலும், லைபீரியா சூலையிலும், கினி ஆகத்திலும் எல்லைகளை மூடின. அதன்பின் எல்லை தாண்டிய பரவல் குறைந்தது என்பது உண்மை. ஆனால் அதற்குள் மூன்று நாடுகளிலும் வைரஸ் வேரூன்றிவிட்டது. எனவே அந்நடவடிக்கையால் கொள்ளைநோயைத் தடுக்க முடியவில்லை என்று ஆய்வு முடிவு கூறியது.

2021: ஒரு பின்தொடர்ச்சி

2021 பிப்ரவரியில் கினியின் தென்கிழக்கே குவெக்கே என்னும் ஊரில் எபோலா மீண்டும் தோன்றியது. இது காட்டிலிருந்து புதிதாக வந்ததாக இருக்கும் என்றே பலரும் எண்ணினர். மார்ச்சில் வெளியான வரிசைகள் வேறு கதையைச் சொன்னதைக் கண்டு வைரஸ் அறிஞர்கள் திகைத்தனர். 2014-இன் வைரசோடு ஒப்பிட, 2021-இன் வைரசில் ஏறத்தாழ 12 எழுத்துகளே மாறியிருந்தன. ஏழு ஆண்டுகள் தொடர்ந்து பரவியிருந்தால் 100-க்கும் மேற்பட்ட மாற்றங்கள் இருந்திருக்க வேண்டும். ஆகவே முந்தைய கொள்ளைநோயிலிருந்து பிழைத்த ஒருவரின் உடலில் ஐந்து ஆண்டுகளுக்கு மேல் வைரஸ் உறங்கியிருந்தது என்ற முடிவுக்கு வர வேண்டியதாயிற்று. அப்பரவலில் 23 பேர் நோயுற்று 12 பேர் இறந்தனர். தடுப்பூசியும் உடனடி நடவடிக்கையும் சேர்ந்து அதை 2021 சூனில் முடிவுக்குக் கொண்டுவந்தன.

இம்முடிவு அறிவியலில் தெளிவைத் தந்த அளவுக்குச் சமூகத்தில் கவலையையும் தந்தது. மூன்று நாடுகளிலும் எபோலாவிலிருந்து மீண்டவர்கள் ஆயிரக்கணக்கில் உள்ளனர். வேலை இழந்து, வாடகை வீடு மறுக்கப்பட்டு, உறவினரால் ஒதுக்கப்பட்டவர்கள் அவர்களுள் பலர். இவ்வளவு நீண்டகாலம் வைரஸ் தங்குவது மிக அரிது. அந்தச் சொல் செய்தியில் விடுபட்டுவிட்டால், பிழைத்தோர் அனைவரும் ஐயத்துக்குரியோராக ஆகிவிடுவர்.

வரம்புகள்

மரபணு வரிசை எல்லாக் கேள்விகளுக்கும் விடை தருவதில்லை. மாதத்துக்கு இரண்டு எழுத்துகளே மாறும் என்பதால், அடுத்தடுத்து நோயுற்ற இருவரின் வைரஸ் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும். ஆகையால் இன்னார்தான் இன்னாருக்குப் பரப்பினார் என்று வரிசையை மட்டும் கொண்டு கூற இயலாது. நோயாளியையும் அண்டை வீட்டாரையும் நேரில் கண்டு விசாரிக்கும் களப்பணியாளரின் குறிப்பேடும் வேண்டும். லைபீரியப் பெண்ணின் நிகழ்வில் இரண்டும் சேர்ந்ததால்தான் உண்மை தெரிந்தது.

எழுத்து மாற்றத்துக்கு உடனே பெரும்பொருள் கற்பிப்பதும் தவறாகக்கூடும். வைரசின் மேற்புறப் புரதத்தில் நேர்ந்த ஒரு மாற்றம், மனித உயிரணுக்களுக்குள் அது எளிதாக நுழைய உதவுகிறது என 2016-இல் ஆய்வகச் சோதனைகள் காட்டின. பின்னர் விலங்குகளில் செய்யப்பட்ட சோதனைகளில் நோயின் கடுமையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை.

மாதிரிகள் யாருக்கு உரியவை என்ற கேள்வியும் எழுந்தது. ஆப்பிரிக்க நோயாளிகளின் குருதி மாதிரிகள் பெரும் எண்ணிக்கையில் பிற நாட்டு ஆய்வகங்களுக்குச் சென்றன. அவற்றைக் கொண்டு செய்யப்படும் ஆய்வில் அந்நாட்டு அறிஞர்களுக்கு என்ன பங்கு என்பது முறையாக வரையறுக்கப்படவில்லை.

தாக்கம்

இக்கேள்விக்குச் சிறந்த விடை, ஆப்பிரிக்காவிலேயே வரிசைப்படுத்தும் ஆற்றல் வளர்ந்தது ஆகும். நைஜீரியாவின் ஏடே நகரில் கிறிஸ்டியன் ஹாப்பி தலைமையிலான ஆய்வு மையம், 2020 மார்ச்சில் ஆப்பிரிக்காவின் முதல் கோவிட்-19 வைரஸ் வரிசையை வெளியிட்டது. காங்கோ சனநாயகக் குடியரசின் கின்ஷாசாவில் உள்ள தேசிய உயிரிமருத்துவ ஆய்வு நிறுவனம், 2018 முதல் 2020 வரை அந்நாட்டின் கிழக்கே பரவிய எபோலாவை வரிசைப்படுத்தியது. குணமடைந்த ஒருவருக்கு நோய் திரும்பி, அவரிடமிருந்து 91 பேர் கொண்ட தொடர் உருவானதை அவ்வரிசைகள் வெளிப்படுத்தின. அந்நிறுவனத்தின் தலைவர் சான் ஷாக் முயெம்பே, 1976-இல் யம்புக்குவுக்குச் சென்று நோயாளிகளின் குருதியைக் கையுறையின்றிச் சேகரித்த இளம் மருத்துவர்.

2021-இல் குவெக்கே வைரசின் வரிசையைப் படித்த குழுக்களில் கினி, செனகல் நாடுகளின் ஆய்வகங்களும் இருந்தன. 2014-இல் நோய் இன்னதென்று அறிவதற்கே கினியின் மாதிரிகள் ஐரோப்பாவுக்குச் செல்ல வேண்டியிருந்தது. ஏழு ஆண்டுகளுக்குப் பின், நோய் அறிவிக்கப்பட்ட ஒரு மாதத்துக்குள் அதன் முழு வரிசையும் உலகின் முன் வைக்கப்பட்டது.